உவேகி ஹிதோஷி: பாடகரா, காமெடி நடிகரா, நிஜமாகவே பொறுப்பில்லாதவரா?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரான்' படத்தில் ஃபுஜிமாகி பிரபுவாக வரும் உவேகி ஹிதோஷி ஒரு காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய காமெடி நடிகர், ஹிட் பாடகரும்கூட என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். 'இவர் அடிப்படையில் பாடகரா, நடிகரா? பொறுப்பில்லாத மனிதன் என்று பேர் வாங்கியவர் நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. திரையில் பார்த்த ஆள் எங்கிருந்து வந்தான் என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது. நான் பல வருடம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவன். பிறகு ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் உவேகி ஹிதோஷி இருந்த குழுவின் பாட்டுகளையும் படங்களையும் தேடித் தேடிச் சேர்த்தேன். அதனால் என் பதில் ஒரு வாத்தியக்காரனின் பார்வையில்தான் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அவர் முதலில் இசைக்காரர். காமெடி அந்த இசைக்குள்ளிருந்து வந்தது. பொறுப்பில்லாதவன் என்பது அவர் போட்டுக்கொண்ட வேஷம், அதுவும் ஆரம்பத்தில் மனசே இல்லாமல் போட்டுக்கொண்டது.

அப்பாவிலிருந்து தொடங்கவேண்டும். அவரை விட்டுவிட்டால் மகனைப் புரிந்துகொள்ள முடியாது. உவேகியின் அப்பா தெத்சுஜோ, ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவின் துறவி. துறவிக்கு எப்படி மகன் என்று தோன்றலாம். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரிவைத் தொடங்கிய ஷின்ரானே கல்யாணம் செய்துகொண்டவர். அவர் வழியில் வந்த துறவிகளும் குடும்பத்தோடுதான் இருப்பார்கள். தெத்சுஜோ வெறும் கோயில் பூசை செய்து காலம் கழித்தவர் இல்லை. மியெ மாகாணத்தில், ஜப்பானியச் சமூகம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கிவைத்த புராகு மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றார். போருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். 1930களின் கடைசியில் அரசை எதிர்ப்பவர்களை ஒடுக்க வைத்திருந்த அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்போது சின்னப் பையனாக இருந்த ஹிதோஷி, அப்பாவுக்குப் பதிலாகத் துறவி உடையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் சூத்திரம் ஓதினான். சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் ஊரில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வயதிலேயே வீட்டுப் பொறுப்பைத் தோளில் சுமந்த பையன்தான், பின்னாளில் நாட்டுக்கே 'பொறுப்பில்லாதவன்' ஆனான்.

பிறந்த தேதியில் ஒரு சிக்கல் உண்டு. அரசுப் பதிவேட்டில் 1927 பிப்ரவரி என்று இருக்கிறது. ஆனால் உண்மையில் பிறந்தது 1926 டிசம்பர் 25 என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். தைஷோ சக்கரவர்த்தி காலமாகி ஷோவா யுகம் தொடங்கிய அதே நாள். பிறந்த ஊர் நகோயா, வளர்ந்தது மியெ. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் துறவிப் பயிற்சிக்காக தோக்கியோவில் ஒரு கோயிலுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தபடியே தோயோ பல்கலைக்கழகம் வரை படித்துப் பட்டம் வாங்கினார். துறவி ஆகவேண்டிய பையனைப் பாட்டு இழுத்துக்கொண்டது. அவர் ஆசைப்பட்டது டிக் மினே மாதிரி பாட வேண்டும் என்று. டிக் மினே, அடித்தொண்டையில் இழைத்து ஜாஸ் பாடிய போருக்கு முந்தைய நட்சத்திரம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உவேகி கனவு கண்டது காமெடிப் பாட்டு இல்லை, மென்மையான காதல் பாட்டு.

போர் முடிந்து 1952 வரை அமெரிக்க ராணுவம் ஜப்பானில் உட்கார்ந்திருந்தது. முகாம் கிளப்புகளுக்கு ஒவ்வொரு ராத்திரியும் பேண்ட் வேண்டும். வாத்தியம் பிடிக்கத் தெரிந்த இளைஞனுக்குக் கையில் காசு புரண்டது. உவேகி கிட்டார் கற்றுக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். கிளாரினெட் வாசித்த ஹகிவாரா என்பவரின் குழுவில் சேர்ந்தார். டிரம்ஸ் வாசித்த ஹானா ஹஜிமேவும் அதே குழு. 1950இல் சொந்தமாக ஒரு சின்னக் குழு தொடங்கினார். பிறகு ஃபிராங்கி சகாயின் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்'. அமெரிக்காவில் ஸ்பைக் ஜோன்ஸ் என்பவர் துப்பாக்கிச் சத்தம், மாட்டுமணி, ஏப்பம் எல்லாவற்றையும் தாளத்துக்குள் போட்டுப் பாட்டைக் கேலி செய்தாரே, அதே பாணி, பெயரும் அங்கிருந்தே எடுத்தது. நல்லவிதமாக வாசிக்கத் தெரியாதவன் இந்த வகையைத் தொடவே முடியாது. ஒரு பாட்டைச் சரியான இடத்தில் உடைக்கவேண்டுமென்றால், அந்த இடம் எதுவென்று கைக்கும் காதுக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கவேண்டும். அரை மாத்திரை பிந்தினால் அது காமெடி இல்லை, பிசகு. உவேகியின் காமெடிக்கு அஸ்திவாரம் இந்தப் பயிற்சிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹானா ஹஜிமே 1955இல் 'கியூபன் கேட்ஸ்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். அது சீக்கிரமே 'கிரேஸி கேட்ஸ்' ஆனது. முகாம் மேடையில் வாசிக்கும்போதே பித்தளைத் தொட்டியால் ஒருவர் மண்டையில் ஒருவர் போட்டுக்கொள்வார்களாம். அதைப் பார்த்த சிப்பாய்கள் 'கிரேஸி' என்று கத்தியதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தும் இருக்கலாம், ஆனால் குழுக்காரர்களே மேடையில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை என்பதால் சத்தியம் என்று நான் வைக்கமாட்டேன். உவேகி 1957இல் சேர்ந்தார். ஹானா டிரம்ஸ், தானி கேய் டிராம்போன், இனுஸுகா பாஸ், யசுதா சாக்ஸபோன், இஷிபாஷி பியானோ, பிறகு சகுராய் என்று இன்னொரு பியானோக்காரர். இதில் வாத்தியத்தில் பெரிய கை தானி கேய்தான். உவேகியின் கிட்டார் குழுவுக்கு வேண்டிய அளவுக்குச் சுத்தமான ரிதம் கிட்டார், அவ்வளவே. அவருடைய நிஜமான வாத்தியம் தொண்டை.

தொலைக்காட்சி வந்ததும் குழு வீட்டுக்கு வீடு போனது. 1959இல் ஃபுஜி தொலைக்காட்சியில் தினமும் சில நிமிஷம் ஓடும் ஒரு நையாண்டி நிகழ்ச்சி. அன்றைய செய்தியை அன்றைக்கே கிண்டல் செய்வது. எழுதியவர்களில் முக்கியமானவர் அவோஷிமா யுகியோ, பின்னாளில், 1995இல், தோக்கியோ ஆளுநராகவே ஆன அதே ஆள். 1961 ஜூனில் நிப்பான் தொலைக்காட்சியில் 'ஷாபோந்தாமா ஹாலிடே'. இரட்டைச் சகோதரிகளான 'தி பீனட்ஸ்' பாட, கிரேஸி கேட்ஸ் கலாட்டா செய்ய, 1972 வரை வாராவாரம் ஓடியது. பணம் போட்டது சோப்புக் கம்பெனி. இந்த நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி நேரடி ஒளிபரப்பில் போனது, அல்லது டேப்பில் மேலே மேலே வேறு பதிவு ஏற்றி அழிந்தது. மிஞ்சிய கொஞ்சத்தை வைத்துத்தான் நாம் இன்று பேசுகிறோம்.

மிஞ்சியதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஏதோ ஒரு காட்சி மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத உடையில் உவேகி உள்ளே நுழைந்து உற்சாகமாகப் பேசத் தொடங்குவார். மேடையே உறைந்து அவரைப் பார்க்கும். அவர் பேச்சு மெல்ல இறங்கும். இந்தப் பக்கம் பார்ப்பார், 'கூப்பிடலையா?' அந்தப் பக்கம் பார்ப்பார், 'கூப்பிடலை?' மூன்றாவது தடவை தனக்கே சொல்லிக்கொள்வது போல, 'கூப்பிடலை, இல்ல?' பிறகு ஒரு நிமிர்வு, முழுக்குரலில் 'அடடா, மன்னிச்சுக்குங்க!' உடனே மேடையில் இருக்கும் அத்தனை பேரும் தொபதொபவென்று விழுவார்கள். அந்த மூன்று கேள்விகளுக்கும் இடையே விடுகிற இடைவெளிகளைத் தாளம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம், கடைசி வரி மட்டும் 'சம்'மில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், விழுகிறது. எழுதி வைத்து இதைக் கொண்டுவர முடியாது. இந்த வசனம் எப்படிப் பிறந்தது என்பதற்கும் ஒரு கதை சுற்றுகிறது. அவருடைய உதவியாளராக இருந்து பின்னர் தானே காமெடியனான கொமாட்சு மசாவோ, 'உங்கள் முறை வந்துவிட்டது' என்று தவறிச் சொல்ல, உவேகி மேடையேறி மாட்டிக்கொண்டு சமாளித்தது என்பது அந்தக் கதை. உதவியாளரை நாலு பேருக்குத் தெரியவைக்க உவேகியே கட்டிய கதை என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதை நம்பவே எனக்கு விருப்பம், அது அவர் குணத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் இதை உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தப் பாட்டு. 1961 ஆகஸ்டில் வெளியான 'சூதாரா புஷி'. எழுதியவர் அவோஷிமா, இசை அதே பழைய பேண்ட் தலைவர் ஹகிவாரா. உவேகி சும்மா இருக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த அர்த்தமில்லாத சொற்கட்டு ஒன்று இருந்தது. குழுவை நிர்வகித்த வதனாபே புரொடக்‌ஷன்ஸ் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டு, இதை வைத்துப் பாட்டு பண்ணுங்கள் என்றார். ஒரு சம்பளக்காரன் 'ஒரே ஒரு கிளாஸ்' என்று உட்கார்ந்து, கடை கடையாக ஏறி இறங்கி, கண் விழிக்கும்போது ரயில் நிலைய பெஞ்சில் கிடக்கிறான். அடுத்த சரணத்தில் குதிரைப் பந்தயத்தில் போனஸ் போகிறது. அதற்கடுத்து ஒரு பெண்ணை வளைத்துவிட்டதாக நினைத்து அவனே வளைகிறான். எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றே: தெரியுது, ஆனா நிறுத்த முடியலையே. பிறகு அந்த அர்த்தமில்லாத சொற்கட்டு, கைகளைத் தொங்கப்போட்டு வீசிக்கொண்டு உடம்பை வளைத்து ஆடும் அந்த நடை. அரசாங்கம் பத்து வருடத்தில் வருமானத்தை இரட்டிப்பாக்கப் போகிறேன் என்று அறிவித்திருந்த நேரம் அது. நாள் முழுக்க முதுகொடிய உழைத்துவிட்டு ராத்திரி ரயிலில் தூங்கி வழிந்தவர்களுக்கு இந்தப் பாட்டு எப்படி இறங்கியிருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

கிட்டார்க்காரனாக நான் இந்தப் பாட்டில் கவனிப்பது வேறொன்று. குடிகாரப் பாட்டு என்றால் குரலைக் குழறவிடுவது எல்லாரும் செய்வது. உவேகி குழறவே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு, சுருதி நேராக நிற்கிறது, நெஞ்சிலிருந்து வரும் முழுக்குரல், டிக் மினேவைக் கேட்டு வளர்ந்த அதே குரல். கீழே பேண்டு எவ்வளவு கலாட்டா செய்தாலும் மேலே பாட்டு மட்டும் கம்பீரமாகப் போகிறது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

உவேகிக்குக் குடிப்பழக்கம் கிடையாது, உடம்பே ஏற்காது. பாட்டைக் கையில் வாங்கியபோது சங்கடப்பட்டார். இதைப் பாடினால் வாழ்க்கை முழுக்க இதே முத்திரைதான் என்று பயந்து அப்பாவிடம் போய்க் காட்டினார். சிறைக்குப் போய் வந்த கண்டிப்பான துறவி, தூக்கி எறிவார் என்றே எதிர்பார்த்தார். அப்பாவோ, தெரிந்தும் நிறுத்த முடியாமல் இருப்பது மனிதன் உள்ளவரை மாறாத உண்மை, ஷின்ரானின் வாழ்க்கையே அதுதானே, தைரியமாகப் பாடு என்றாராம். இதற்கு ஆதாரம் உவேகி சொன்னதுதான். பல இடங்களில் சொல்லியிருக்கிறார், வார்த்தைகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் உள்ளடக்கத்தை நான் நம்புகிறேன். தன் ஆசாபாசங்களை அறுக்க முடியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் ஷின்ரான். அந்த ஒப்புதலின் மேல்தான் அந்தப் பிரிவே நிற்கிறது. அந்த அப்பா அப்படிச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனதும் தோஹோ நிறுவனம் படம் எடுத்தது. 1962 ஜூலையில் 'நிப்பான் முசெகினின் ஜிதாய்', அதாவது 'ஜப்பானின் பொறுப்பில்லாத காலம்', இயக்கம் ஃபுருசாவா கெங்கோ. வேலையில்லாத ஒருவன் மதுக்கடையில் ஒரு கம்பெனியைப் பற்றி அடுத்த மேசையில் பேசுவதை ஒட்டுக்கேட்டு, அதை வைத்தே வாய்ஜாலத்தில் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்து மேலே மேலே போகிறான். மனசாட்சி உறுத்தல் எதுவும் இல்லை, கடைசியில் தண்டனையும் இல்லை. காமெடி நாயகன் என்றால் அடிவாங்கும் அப்பாவியாகவோ கண்ணீர் வரவழைக்கும் ஏழையாகவோ இருப்பது வழக்கம். இவன் இரண்டும் இல்லை. சிரித்துக்கொண்டே நேராக நடந்து வருகிறான், உலகம் ஒதுங்கி வழிவிடுகிறது. இப்படி ஒரு ஆளை ஜப்பானியத் திரை அதற்கு முன் பார்த்ததில்லை என்பது என் கருத்து. 1971 வரை தோஹோவில் குழுவின் படங்கள் சுமார் 30 வந்தன. 1967இல் ஒன்றுக்காக லாஸ் வேகஸ் வரை போய் எடுத்தார்கள்.

ஆனால் முதல் இரண்டு படங்களின் விஷம் அப்புறம் நீர்த்துப்போனது. 'பொறுப்பில்லாத' என்ற சொல் தலைப்பிலிருந்து போய் 'ஜப்பானிலேயே முதல்தரமான' என்று மாறியது. 1964 வாக்கில் அவர் நடித்த நாயகன் பெருமை பேசுவான், பிறகு ராப்பகலாக உழைத்து அதைச் சாதித்தும் காட்டுவான். அதாவது கம்பெனிகள் விரும்பும் மாதிரி ஊழியன். இந்தப் படங்களுக்கும் ரசிகர்கள் உண்டு, நானும் ரசிக்கிறேன். ஆனால் உவேகியை அசாதாரணமானவராகக் காட்டுவது முதல் இரண்டுதான். 1970களில் அலை ஓய்ந்தது. அதே வதனாபே நிறுவனத்தின் 'தி டிரிஃப்டர்ஸ்', 1966இல் பீட்டில்ஸ் தோக்கியோ வந்தபோது அவர்களுக்கு முன்னதாக மேடையேறி வாசித்தவர்கள், அந்த இடத்துக்கு வந்தார்கள். உவேகி மேடை நாடகங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் போனார்.

அந்த வருடங்களுக்குப் பிறகு வந்ததுதான் நீங்கள் பார்த்த 1985ஆம் வருடத்து 'ரான்'. ஃபுஜிமாகிக்கு வசனம் குறைவு. அப்பாவால் துரத்தப்பட்ட சபுரோவிடம் தானே குதிரையில் வந்து, உன் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது, என் வீட்டு மருமகனாக வா என்று அழைக்கும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். படத்தில் எல்லாரும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கும்போது இவர் முகம் மட்டும் திறந்து கிடக்கிறது. அந்தக் கம்பீரம் எங்கிருந்து வந்தது என்று தோன்றலாம். 1962இல் பொய் சொல்லிக்கொண்டே நேராக நடந்துவந்தவனின் அதே நிமிர்வுதான். இங்கே அதற்குள் பொய் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருடம் கினோஷிதா கெய்சுகேயின் படம் ஒன்றில், கலங்கரை விளக்கக் காவலரான மகனைத் தேடி ஊர் ஊராகப் போகும் வயதான அப்பாவாக நடித்து, ஜப்பான் அகாடமியின் சிறந்த துணை நடிகர் விருதை வாங்கினார். நடிப்பில் அவருடைய உச்சம் அதுதான் என்பேன்.

பாட்டும் அவரை விடவில்லை. 1990 நவம்பரில் பழைய ஹிட்டுகளையெல்லாம் கோத்து ஒரு தொகுப்புப் பாட்டு வெளியாகி, அறுபது தாண்டியவரை மறுபடி பட்டியலில் ஏற்றியது. அந்த வருடக் கடைசி ராத்திரி பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கோஹாகு என்ற பாட்டு நிகழ்ச்சியில், 23 வருடத்துக்குப் பிறகு, பாடினார். 1993இல் கலைஞர்களுக்கு அரசு தரும் ஊதா நாடா பதக்கம். அதே வருடம் ஹானா ஹஜிமே காலமானார். உவேகி 2007 மார்ச் 27 அன்று, 80 வயதில். குழுவில் கடைசியாக இருந்த இனுஸுகா 2023இல் போனார்.

எங்கே தொடங்குவது என்றால், முதலில் 1961 பாட்டைக் கேளுங்கள், வார்த்தை புரியாவிட்டாலும் பரவாயில்லை, குரலை மட்டும் கவனியுங்கள். பிறகு 1962இன் முதல் படம். அதில் அவர் பாடத் தொடங்கும் இடங்களில் கேமரா என்ன செய்கிறது என்றும் பாருங்கள், பேசிக்கொண்டிருப்பவன் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பாட்டுக்குள் நுழைந்துவிடுவான். அதற்கப்புறம் நேரமிருந்தால் கினோஷிதா படம். சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் கிடைக்காது, 1962 படத்தில் வசனம் மிக வேகம் என்பதால் அதற்கு மட்டும் சப்டைட்டில் இல்லாமல் உட்காராதீர்கள். ஏதாவது காட்சியில் சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.